புதுவயல் ரைஸ் மில்: கரண்ட் போய் வந்தால் எடைமேடை கணினியில் விண்டோஸ் கெட்டுப்போகிறது, என்ன வழி?

எடைமேடை_புதுவயல்:

வணக்கம். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லின் எடைமேடை அறைக்கு யோசனை வேண்டும். இருப்பது இதுதான்: ஐ3 டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ப்ரோ. எடை இண்டிகேட்டர் சீரியல் கேபிள் வழியாக வருகிறது. எடைச்சீட்டு சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒரே எம்டிபி கோப்பில் (ஆக்சஸ் டேட்டாபேஸ்) சேமிக்கிறது. அறைக்கு 150 ஏஎச் பேட்டரியுடன் வீட்டு இன்வெர்ட்டர் உண்டு, சைன் வேவ். தனி யுபிஎஸ் இல்லை. டிரையர் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை பதிய ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று, 32 ஜிபி மெமரி கார்டுடன், அதே இன்வெர்ட்டர் லைனில்.

கரண்ட் போனால் விளக்கும் ஃபேனும் அப்படியே ஓடுகின்றன, கணினி மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. எப்போதும் இல்லை, நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹல்லர் (நெல்லின் உமி நீக்கும் இயந்திரம்) மோட்டார் போடும்போது விளக்கு மங்கும், அப்போதும் சில நேரம் இதே கதை. திடீரென்று ஒரு நாள் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரை வந்து அங்கேயே சுற்றும். எஸ்எஃப்சி (விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டினால் கெட்ட கோப்புகள் இருந்தன, சரிசெய்துவிட்டேன் என்கிறது. சில வாரத்தில் மறுபடியும் அதே. இண்டிகேட்டர் செட்டிங் உள்ள ஐஎன்ஐ கோப்பு அளவு மாறாமலே உள்ளே காலியாகிவிட்டது. எம்டிபி திறக்க மறுத்து, ரிப்பேர் செய்த பிறகு அன்றைய கடைசிச் சீட்டுகளைக் காணோம். சில காலைகளில் கணினி ஏதோ பழைய வருடத்துத் தேதியைக் காட்டுகிறது. பை-க்கு கார்டு மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துவிட்டது.

எஸ்எஸ்டி போட்டால் தீருமா? யுபிஎஸ் என்றால் எத்தனை விஏ?

ஃபேஸ்_நியூட்ரல்:

அண்ணே, எதையும் வாங்குவதற்கு முன்னால் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலானவற்றில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யுபிஎஸ்', மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'வைட்' என்று போட்டிருக்கும். உங்களுடையது நார்மலில் இருக்க வேண்டும், அறிகுறி அப்படித்தான் சொல்கிறது.

நார்மலில் மெயின்ஸ் சுமார் 100 வோல்ட்டுக்குச் சரியும்வரை அதையே உள்ளே விடும். பேட்டரிக்கு மாற 40 மில்லிசெகண்ட் வரைகூட எடுக்கும். கணினியின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) தன் கெப்பாசிட்டரில் பிடித்து வைத்திருப்பது முழு லோடில் 16, 17 மில்லிசெகண்டுக்குத்தான் போதும் என்பது ஏடிஎக்ஸ் என்ற பவர் சப்ளை தரநிலையின் கணக்கு. லோடு குறைவாக இருந்தால் கூடுதலாகத் தாங்கும், எஸ்எம்பிஎஸ் பழசானால் குறையும். கரண்ட் போன நொடியில் கணினி சும்மா இருந்தால் தப்பிக்கும், வேலையில் இருந்தால் விழும். நாலுக்கு ஒன்று கணக்கு அங்கேதான் வருகிறது. யுபிஎஸ் மோடில் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே மாறிவிடும், மாறும் நேரமும் 10 மில்லிசெகண்ட் அளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மில்லில் வோல்டேஜ் அடிக்கடி 180-ஐத் தொட்டால் இன்வெர்ட்டர் டிக் டிக் என்று பேட்டரிக்கும் மெயின்ஸுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். ரிலே தேயும், பேட்டரி சார்ஜ் ஏறவும் நேரம் கிடைக்காது. ஆகவே மோட்டார் பக்கத்தையும் பாருங்கள். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் எழும்பும்போது ஓடும் கரண்டைப்போல் 6, 7 மடங்கு இழுக்கும். ஸ்டார்-டெல்டாவில் லைனில் இழுப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஹல்லருக்கு எது இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். எடைமேடை அறைக்கு வயர் மில் ஷெட்டுக்குள் இருக்கும் சப்-போர்டிலிருந்து வருகிறதென்றால் அதை வெட்டிவிட்டு மெயின் பேனலிலிருந்து தனி எம்சிபி போட்டுத் தனி வயர் இழுங்கள். மோட்டார் கரண்ட் ஓடும் கேபிளில் அறையும் சேர்ந்து தொங்குவதால்தான் அவ்வளவு மங்குகிறது.

த்ரீ ஃபேஸ் இடம் என்பதால் இன்னொன்று: நியூட்ரல் எங்காவது லூசாகி விட்டுவிட்டால் சிங்கிள் ஃபேஸ் லைனில் 400 வோல்ட் வரை ஏறலாம். அப்போது கெடுவது கோப்பு அல்ல, போர்டே. நியூட்ரல் லிங்க்கை வருடத்துக்கு ஒருமுறை முறுக்கச் சொல்லுங்கள். ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று அறையின் போர்டில் இருக்கட்டும்.

இனி யுபிஎஸ். கணினி 70 வாட், மானிட்டர் 20, இண்டிகேட்டர் 10, ஆகமொத்தம் 100 வாட். 600 விஏ லைன்-இன்டராக்டிவ் யுபிஎஸ் சுமார் 360 வாட் தரும், போதும். அதற்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. காகிதத்தில் 84 வாட்-மணி. ஆனால் 100 வாட் லோடில் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் போகிறது, அந்த வேகத்தில் 7 ஏஎச் முழுசாகக் கிடைக்காது. புதிதாக இருக்கும்போது 20 நிமிடம், இரண்டு கோடை போனபின் 5 நிமிடம், அதற்கும் பிறகு கரண்ட் போனதுமே பீப் போட்டுப் படுத்துவிடும். ஈயப் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். டிரையர் ஓடும் இடத்துப் பக்கத்து அறை, சித்திரை வெயில் வேறு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை வாடிக்கையாக வையுங்கள்.

சோதிக்க கணினியை வைத்து விளையாட வேண்டாம். கணினியைக் கழற்றிவிட்டு 100 வாட் குண்டு பல்பு ஒன்றை யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவரில் ஸ்விட்சை அணைத்து, எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். 8 நிமிடத்துக்குக் கீழே வந்தால் பேட்டரி மாற்ற வேண்டிய வேளை.

லேசர் பிரிண்டர் இருந்தால் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். ஃபியூசர் சூடாகும்போது பல நூறு வாட் இழுத்து யுபிஎஸ் ஓவர்லோடில் கட் ஆகிவிடும். சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பரவாயில்லை.

யுபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைனிலேயே மாட்டலாம், உங்களுடையது சைன் வேவ் என்பதால். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் பல யுபிஎஸ் அதை கரண்டாகவே ஏற்காது. அப்புறம் அந்த 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தையும் எட்டிப் பாருங்கள். 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இயங்கும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே நாம் பேட்டரியைத் தண்ணீர் வற்றக் காயப்போடுவது கொஞ்சம் ஓவர்தான்.

செக்டர்ஜீரோ:

மேலே சொன்னது விழுவதைக் குறைக்கும். விழுந்தால் ஏன் கெடுகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் எந்த யுபிஎஸ்ஸும் ஒருநாள் கைவிடும்.

சாஃப்ட்வேர் 'சேவ்' என்றதும் டேட்டா டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் ராமில் விண்டோஸ் வைத்துக்கொள்கிறது, சில விநாடிகளில் டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. டிஸ்க்கும் தன் சொந்த கேஷில் வாங்கி வைத்து, தலைக்கு வசதியான வரிசையில் எழுதுகிறது. ஆக எந்த நொடியிலும் இரண்டு இடத்தில் எழுதாத பாக்கி நிற்கும். பாக்கி தொலைவது ஒரு நஷ்டம்தான், ஆனால் கோப்பு கெடுவது வரிசை மாறுவதால்.

நம் பக்கத்துப் பழைய வட்டிக்கடைக் கணக்கில் முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு பாதியில் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்து முடித்துவிடலாம். விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் செய்வதும் இதையேதான், ஆனால் கோப்பின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்களுக்கு மட்டும். கோப்பின் உள்ளடக்கத்துக்குக் குறிப்பேடு கிடையாது. உங்கள் ஐஎன்ஐ கோப்புக்கு நடந்தது அதுதான்: 'இந்தக் கோப்பு 2 கேபி, இந்த இடத்தில்' என்ற விவரம் எழுதப்பட்டுவிட்டது, அந்த 2 கேபி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. திறந்தால் எல்லாம் பூஜ்ய பைட். விண்டோஸ் தன் கோப்பு அமைப்பு நலமாக இருப்பதாகவே சொல்லும், அதன் வரையில் அது உண்மைதான்.

எம்டிபி அதைவிட மோசம். அட்டவணையும் இண்டெக்ஸும் ஒரே கோப்புக்குள், நடந்ததைத் திருப்பி ஓட்ட லாக் எதுவும் இல்லாமல். ஒரு சீட்டு சேர்க்கும்போது பல பக்கங்கள் மாறுகின்றன. அதில் சில எழுதி, சில எழுதாமல் நின்றால் கோப்பு முன்னுக்குப் பின் முரணாகிவிடும். ரிப்பேர் என்பது முரணான பக்கங்களை வெட்டி எறிவது. காணாமல் போன சீட்டுகள் அங்கேதான் போயின.

இப்போது செய்ய வேண்டியவை.

அந்தத் தேதிப் பிரச்சினையிலிருந்து தொடங்குங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்திருக்கிறது. இரவில் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை புரோகிராம்) எல்லாவற்றையும் மறந்து கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பும். அதில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) மாறிவிட்டால் விண்டோஸ் டிஸ்க்கைக் காணாமல் நீலத்திரையோ ஆட்டோமேட்டிக் ரிப்பேரோ காட்டும், ஒரு கோப்புகூடக் கெடாத நிலையிலேயே. இதைக் கோப்புக் கோளாறு என்று நினைத்து விண்டோஸை மறுபடி ஏற்றுபவர்கள் நிறைய. செல்லை மாற்றுவதற்கு முன், கணினி ஒழுங்காக ஓடும் நாளில் பயாஸ் திரைகளை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

அதே பயாஸில் கரண்ட் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங் இருக்கும். தானாக ஆன் ஆகும்படி வைக்காதீர்கள், 'ஆஃப்' வையுங்கள். நம் ஊரில் கரண்ட் ஒரே தடவையில் வருவதில்லை. வரும், போகும், வரும். விண்டோஸ் எழும்பும்போதும் டிஸ்க்கைச் சரிபார்க்கும்போதும்தான் சிஸ்டம் கோப்புகள் அதிகம் எழுதப்படுகின்றன. அந்த நேரத்தில் இரண்டாவது அடி விழுந்தால் முதல் அடியைவிடச் சேதம் கூடும். கரண்ட் நிலையாக ஐந்து நிமிடம் நின்றபின் கையால் போடுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் செய்வது என்ன என்ற பக்கத்தில் டிக் இருக்கும். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை, விண்டோஸின் உள்பகுதி ஒரு கோப்பில் உறங்கவைக்கப்படுகிறது. இணையத்தில் பலர் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையால் ஹைபர்னேட்டையே அணைக்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், அது யுபிஎஸ்ஸுக்கு வேண்டும். டிக்கை மட்டும் எடுங்கள்.

பழுது பார்க்கும் வரிசையும் முக்கியம். எம்டிபியை முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்க்கின் நலம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'ரீஅலோகேட்டட்', 'கரண்ட் பெண்டிங்' செக்டர் எண்களைப் பாருங்கள். பெண்டிங் பூஜ்யமாக இல்லையென்றால் டிஸ்க்கே போகிறது, அதில் செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (டிஸ்க் முழுக்கக் கெட்ட செக்டர் தேடும் கட்டளை) ஓட்டி மேலும் வதைக்க வேண்டாம். நலமாக இருந்தால் செக்டிஸ்க் ஸ்லாஷ் எஃப், அடுத்து டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த், அதற்கப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது விண்டோஸின் உள் கிடங்கிலிருந்து. கிடங்கே கெட்டிருந்தால் அது எதை வைத்துச் சரிசெய்யும்? டிஸ்ம்தான் கிடங்கைச் சரிசெய்வது. நீங்கள் எஸ்எஃப்சியை மட்டும் ஓட்டிவந்தது அரை வேலை.

எல்லாம் சரியான அன்றே குளோன்சில்லா என்ற சாஃப்ட்வேரில் முழு டிஸ்க் இமேஜ் ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை ரிப்பேர் எதுவும் வேண்டாம், இமேஜைத் திருப்பி ஏற்றி எம்டிபியை மட்டும் புதிதாக வைத்தால் போதும்.

விரைவுவழி:

இவ்வளவு எதற்கு? டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பாலிசீஸ் பக்கத்தில் ரைட் கேஷிங் டிக்கை எடுத்துவிட்டால் எல்லாம் நேராக டிஸ்க்குக்குப் போய்விடும், முடிந்தது.

செக்டர்ஜீரோ:

முடியாது. அந்த டிக் டிஸ்க்குக்குள் இருக்கும் கேஷை மட்டும் அணைக்கிறது. விண்டோஸ் ராமில் வைத்திருக்கும் பாக்கி அப்படியே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் எடுப்பதால் கெடுதல் இல்லை. ஒரு நாளில் சில நூறு சீட்டு போடும் எடைமேடைக்கு வேகம் குறைவது உறைக்காது, ஆகவே எடுக்கலாம். ஆனால் அதே பக்கத்தில் இரண்டாவதாக ஒரு டிக் இருக்கும், பஃபர் ஃப்ளஷிங்கை அணைப்பது. வேகம் கூட்டும் வீடியோக்களில் அதைப் போடச் சொல்வார்கள். அது போட்டிருந்தால் உடனே எடுங்கள். ஃப்ளஷ் என்பது 'இதுவரை கொடுத்ததை எழுதிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்' என்ற உத்தரவு. அதைத் தடுத்துவிட்டால் என்டிஎஃப்எஸ்ஸின் குறிப்பேடும் நம்பத்தக்கதல்ல.

எடைமேடை_புதுவயல்:

நன்றி அண்ணே. ஸ்விட்ச் நார்மலில்தான் இருந்தது, மாற்றியாயிற்று. சிஆர்2032 செல்லும் மாற்றியாயிற்று. ஹல்லருக்கு நேரடி ஸ்டார்ட்டர்தான், ஓனரிடம் சொல்லியிருக்கிறேன். கடையில் காட்டிய 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் யுஎஸ்பி போர்ட் இருக்கிறது. அதைக் கணினியில் மாட்டினால் தானே ஷட்டவுன் ஆகுமா? எஸ்எஸ்டி கேள்வியும் நிற்கிறது.

பட்டாலை:

யுஎஸ்பி போர்ட் இரண்டு விதம். ஃபோன் சார்ஜ் செய்ய வைத்தது ஒன்று, கணினியோடு பேசுவது இன்னொன்று. பேசும் போர்ட் பெரும்பாலும் பிரிண்டர் கேபிள் மாட்டும் சதுர வடிவத்தில் இருக்கும். கடையிலேயே ஒரு லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள். யுபிஎஸ்ஸும் ஒரு பேட்டரியாக டிவைஸ் மேனேஜரில் வந்தால் சரியான பொருள். வராவிட்டால் கம்பெனி சாஃப்ட்வேர் போட்டால்தான் வேலை செய்யும், அல்லது செய்யவே செய்யாது.

வந்துவிட்டால் பவர் ஆப்ஷன்ஸில் பேட்டரி பகுதி முளைக்கும். 'கிரிட்டிகல் பேட்டரி' என்பதை 40 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். 5 சதவீதத்தில் விடாதீர்கள்: சின்ன ஈயப் பேட்டரியின் சதவீதக் கணக்கு நம்பும்படி இருக்காது, 30 காட்டிய அடுத்த நிமிடம் விழுந்துவிடும். செயல் என்ன என்பதில் ஷட்டவுனைவிட ஹைபர்னேட் உங்களுக்கு நல்லது. ஷட்டவுன் எடைச்சீட்டு சாஃப்ட்வேரை வலுக்கட்டாயமாக மூடும், எம்டிபி நடுவில் மாட்டிக்கொள்ளலாம். ஹைபர்னேட்டில் எல்லாம் இருந்தபடி டிஸ்க்கில் போய், கரண்ட் வந்தபின் கணினியைப் போட்டதும் அதே சீட்டில் எழும்பும். 8 ஜிபி ராமுக்கு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒருமுறை கையால் ஹைபர்னேட் போட்டுக் கடிகாரத்தில் பாருங்கள். ஸ்லீப் வைத்துவிடாதீர்கள், ஸ்லீப்பில் எல்லாம் ராமில்தான்.

எஸ்எஸ்டி பற்றி. வேகத்துக்கு வாங்குங்கள், கரண்ட் போவதற்கு மருந்தாக வாங்காதீர்கள். எஸ்எஸ்டிக்குள் எந்த டேட்டா எந்த சிப்பில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை இருக்கும், அது அடிக்கடி மாறும். நீங்கள் எதையும் எழுதாத நேரத்திலும் அது உள்ளே பழைய பிளாக்கை நகர்த்தி ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். அந்த நடுவில் கரண்ட் போனால், அன்று தொடவே தொடாத கோப்பும் கெடலாம். மோசமான நேரத்தில் டிரைவே கண்ணுக்குத் தெரியாமல் போகும். சர்வருக்கு என்று விற்கும் எஸ்எஸ்டிகளில் போர்டின் ஓரத்தில் வரிசையாகக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். கரண்ட் போனதும் அவற்றில் இருக்கும் மின்சாரத்தில் கேஷை எழுதி முடிக்கும். டேட்டாஷீட்டில் 'பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன்' என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். பழைய சர்வரிலிருந்து கழற்றிய சாட்டா எஸ்எஸ்டிகள் இப்படிப்பட்டவை கிடைக்கும், எடைமேடைக்கு 240 ஜிபியே தாராளம். தேய்மானச் சதவீதத்தைப் பார்த்து வாங்கவும்.

அதைவிடவும் பலன் தருவது எம்டிபியை விட்டு வெளியே வருவது. உங்கள் சாஃப்ட்வேர்காரரிடம் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், ஃபயர்பேர்ட், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ் எதிலாவது ஓடும் பதிப்பு உண்டா என்று கேளுங்கள். இவை கரண்ட் போவதை எதிர்பார்த்தே கட்டப்பட்டவை. மைஎஸ்க்யூஎல் என்றால் அட்டவணைகள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையில் இருக்க வேண்டும், மைஐசாமில் அல்ல. அதில் டிரான்சாக்‌ஷன் முடிவில் லாகை ஃப்ளஷ் செய்யும் எண் 1 ஆக இருக்க வேண்டும். 2 என்று வைத்தால் வேகம் கூடும், கடைசி ஒரு விநாடிச் சீட்டு போகலாம். லாரி பாரத்துக்குப் பணம் கொடுக்கும் இடத்தில் அந்த ஒரு விநாடியும் சண்டைதான்.

அதுவரை எம்டிபியோடு குப்பை கொட்ட வேண்டுமென்றால்: மதியமும் கடை மூடும்போதும் சாஃப்ட்வேரை மூடிவிட்டு, தேதி-நேரம் பெயரில் ஒரு பிரதி. ஒரே பெயரில் மேலெழுதாதீர்கள். கூகுள் டிரைவ் போன்றவற்றில் தானாகச் சேரும்படி வைத்தால் கெட்ட கோப்பும் நல்ல கோப்பின் மேல் சேர்ந்துவிடும், பழைய பதிப்பு எடுக்க வசதி இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பிரதியை வாரத்துக்கு ஒருமுறை திறந்தும் பாருங்கள். ஐஎன்ஐ கோப்பு: செட்டிங் முடிந்ததும் அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' டிக் போட்டுப் பாருங்கள். சில சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறை மூடும்போதும் தேவையில்லாமல் அதைத் திரும்ப எழுதும். எரர் வராமல் ஓடினால் அப்படியே விடலாம்.

விண்டோஸ் எண்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐஓடி எண்டர்பிரைஸ் பதிப்புகளில் 'யூனிஃபைடு ரைட் ஃபில்டர்' என்று ஒன்று உண்டு. சி டிரைவுக்கு வரும் எழுத்தையெல்லாம் ராமில் பிடித்து ரீஸ்டார்ட்டில் தூக்கிப்போட்டுவிடும். டேட்டா மட்டும் டி டிரைவில். எடைமேடை, டோக்கன் இயந்திரம் போன்றவற்றுக்கு அளவெடுத்துத் தைத்தது. உங்கள் ப்ரோவில் கிடையாது, புதுக் கணினி வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

கோட்டையூர்_பை:

பை-யை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

மெமரி கார்டிலும் எஸ்எஸ்டி போலவே அட்டவணையும் நகர்த்தலும் உண்டு, ஆனால் மலிவான கன்ட்ரோலர், கெப்பாசிட்டர் கிடையாது. நிமிடத்துக்கு ஒரு வரி, 50 பைட்தானே என்று தோன்றும். அந்த 50 பைட்டுக்கு லினக்ஸின் கோப்பு அமைப்பான இஎக்ஸ்டி4 ஒரு 4 கேபி பிளாக், ஜர்னலில் சில பிளாக் என்று எழுத, கார்டு உள்ளே அதைவிடப் பெரிய பகுதியைப் புரட்டுகிறது. அந்தப் புரட்டலின் நடுவே கரண்ட் போனால் அதே பகுதியில் இருந்த சிஸ்டம் கோப்பும் சேர்ந்து போகும். பார்டிஷன் பிரித்தாலும் கார்டுக்கு அது தெரியாது. அதனால்தான் சிஸ்டமும் டேட்டாவும் ஒரே கார்டில் இருக்கவே கூடாது.

செய்முறை: டேட்டாவுக்கு ஒரு சின்ன யுஎஸ்பி எஸ்எஸ்டி அல்லது நல்ல பென் டிரைவ், இஎக்ஸ்டி4-இல் ஃபார்மேட் செய்து, எஃப்எஸ்டேப்பில் (எந்த டிரைவை எப்படி இணைப்பது என்ற பட்டியல் கோப்பு) 'நோஏடைம்', 'நோஃபெயில்' இரண்டையும் சேருங்கள். நோஃபெயில் இல்லாவிட்டால் அந்த டிரைவ் கெட்ட அன்று பை-யும் எழும்பாமல் நின்றுவிடும். பிறகு பை-யின் செட்டிங் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ், அதற்குள் ஓவர்லே ஃபைல் சிஸ்டம், ஆன். பூட் பார்டிஷனையும் ரைட் ப்ரொடெக்ட் செய்யவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். அது ஃபேட், ஜர்னல் இல்லாதது. ரீபூட் ஆனபின் கார்டில் எதுவும் எழுதப்படாது. பிளக்கைப் பிடுங்கினாலும் கவலையில்லை. மாற்றம் ஏதும் செய்ய வேண்டுமென்றால் ஓவர்லேயை அணைத்து, ரீபூட், வேலை, மறுபடி ஆன். மறந்துவிட்டு செட்டிங் மாற்றினால் அடுத்த ரீபூட்டில் காற்றோடு போகும்.

ஸ்கிரிப்ட்டை நிமிடத்துக்கு ஒருமுறை எழுத விடாமல், ராமில் சேர்த்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதி எஃப்சிங்க் (உடனே டிரைவில் எழுது என்ற உத்தரவு) செய்யச் சொல்லுங்கள். நெல் டிரையரின் 5 நிமிடக் கணக்கு போனால் யாரும் அழப்போவதில்லை. எஃப்சிங்க் இல்லாமல் விட்டால் லினக்ஸ் சாதாரணமாக 30 விநாடிவரை ராமிலேயே வைத்திருக்கும்.

பை 4-இல் கடிகாரச் சிப் இல்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழும்புவதற்குள் அது பழைய நேரத்தில் பதிய ஆரம்பிக்கும், வரிசை குழம்பும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று நாலு வயரில் மாட்டுங்கள்.

பவர்: 5 வோல்ட் 3 ஆம்ப் நல்ல அடாப்டர். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கை பதியும். 'விசிஜென்சிஎம்டி' கட்டளையில் 'கெட் த்ராட்டில்டு' பூஜ்யம் தவிர வேறு எதைக் காட்டினாலும் முதலில் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள்.

மழைக்கோட்டு:

ஐப்பசி வருவதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள். எடைமேடையிலிருந்து வரும் இண்டிகேட்டர் சீரியல் கேபிள், கேட் வரை போகும் நெட்வொர்க் கேபிள், இவை வழியாக இடி நேராகக் கணினிக்குள் வரும். யுபிஎஸ் அந்தப் பாதையில் இல்லவே இல்லை. சீரியலுக்கு ஆப்டோ ஐசொலேட்டர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி மின் இணைப்பைத் துண்டிப்பது) கிடைக்கும். நெட்வொர்க்குக்கு வைஃபை அல்லது ஃபைபர் துண்டு. நம் பக்கத்துச் செம்பாறை மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, எர்த் குழிக்குக் கோடையில் வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எடைமேடை_புதுவயல்:

எல்லாருக்கும் நன்றி. இத்தனையும் செய்தபின் உண்மையில் சரியாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? கரண்ட் போகும்போதெல்லாம் நான் அறையில் இருப்பதில்லை.

செக்டர்ஜீரோ:

இரண்டு இடத்தில் கணக்கு இருக்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகில் 'கெர்னல்-பவர்' 41-ஆம் எண்ணைத் தேடுங்கள்; ஒழுங்காக மூடாமல் எழும்பிய ஒவ்வொரு தடவையும் ஒன்று பதிந்திருக்கும், 6008-உம் கூடவே வரும். ஹைபர்னேட் வேலை செய்தால் இந்த இரண்டும் வராது.

இன்னொன்று டிஸ்க்கிலேயே. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி0 என்ற வரிசை, 'பவர்-ஆஃப் ரிட்ராக்ட் கவுண்ட்'. கரண்ட் போய்த் தலை அவசரமாக ஒதுங்கிய எண்ணிக்கை. சில டிஸ்க்குகளில் சாதாரண ஷட்டவுனும் அதில் ஏறும், ஆகவே முதலில் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒருமுறை ஒழுங்காக ஷட்டவுன் செய்து, மறுபடி போட்டுப் பாருங்கள். ஏறவில்லையென்றால் உங்கள் டிஸ்க் உண்மையான விபத்தை மட்டுமே எண்ணுகிறது. இன்றைய எண்ணை கேபினட்டின் பக்கவாட்டில் ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். இபி அடுத்த பராமரிப்பு மின்தடை அறிவிக்கும் நாளன்று மாலை திரும்பப் பாருங்கள்; அன்றைக்குத்தான் இன்வெர்ட்டர் பேட்டரியும் கடைசிவரை இறங்கி, யுபிஎஸ்ஸும் இறங்கி, ஹைபர்னேட்வரை போக வாய்ப்புண்டு. எண் அப்படியே நின்றால் ஹைபர்னேட் சரியாக நடந்திருக்கிறது. ஏறியிருந்தால் கிரிட்டிகல் சதவீதத்தை 40-இலிருந்து 60-க்கு ஏற்றிவிட்டு, அந்த குண்டு பல்பு சோதனையை மறுபடி செய்யுங்கள்.